கட்டிலுக்குக் கீழே ஒரு பாய்

குறிஞ்சிப்பாடியில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போய், கடலூரிலோ சிதம்பரத்திலோ ‘சேர்த்துவிட்டார்கள்’ என்று சேதி வந்தால், என்ன நோய் என்று விசாரித்து முடிப்பதற்குள் வீட்டில் இன்னொரு கேள்வி எழுந்துவிடும்: “கூட யாரு இருக்கிறது?” அதற்கு விடை கிடைத்த அரை மணி நேரத்தில் ஓர் ஒயர் கூடை தயார். வெந்நீருக்கு பிளாஸ்க், எவர்சில்வர் டம்ளர், பழைய ஸ்கேனும் சீட்டுகளும் திணித்த துணிக்கடைப் பை, மடித்த பாய், ஒரு கைலி. கைத்தறிக் கைலிக்குப் பெயர்போன ஊர் இது. எது மறந்தாலும் அது மறக்காது. விரித்தால் படுக்கை, இழுத்து மூடினால் போர்வை, சன்னல் கம்பியில் கட்டினால் வெயிலுக்குத் திரை.

கூடையோடு போகிறவருக்கு மருத்துவமனையில் பெயர் கிடையாது. “எட்டாம் நம்பர் பெட்டுக்கு யாரும்மா கூட?” என்று கேட்டால் அவர் எழுந்து நிற்க வேண்டும். டிரிப்ஸ் முடியும்போது சிஸ்டரைக் கூப்பிடுவது, ரத்தக் குழாயை லேபில் கொண்டுபோய்க் கொடுப்பது, சீட்டோடு மருந்துக் கடைக்கு ஓடுவது, கஞ்சி ஊட்டுவது, முதுகைத் துடைத்துவிடுவது எல்லாம் அவர் வேலை. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது வெளியே போய் நிற்பதும் அவர் வேலைதான். இரவில் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டு, தூங்கியும் தூங்காமலும் கிடப்பார்.

இந்த மனிதரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பல முறை நாமே அவராக இருந்திருக்கிறோம். ஆனால் அவருக்கு ஈராயிரம் ஆண்டு அளவுக்கு ஒரு வரலாறு இருப்பதும், ஒரு கட்டத்தில் உலகின் பெரிய மருத்துவமனைகள் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியதும், பிறகு ஒரு பாய்லர்காரர், போதிய கருவி இல்லாத ஒரு டாக்டர், சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்ட ஒரு மாணவி போன்றவர்கள் பின்வாசல் வழியாக அவரை மறுபடி உள்ளே அழைத்து வந்ததும் அவ்வளவாகத் தெரியாது. நோயாளியையும் குடும்பத்தையும் நடுவில் வைத்துச் செய்யும் மருத்துவம் என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுவதன் கதை, பெரும்பாலும் இவருடைய போக்குவரத்துக் கதைதான்.

கதை நம் பக்கத்திலேயே தொடங்குகிறது. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் கடைசிக் குறள், அதாவது 950ஆவது, மருத்துவத்தை ஒரு கட்டிலைப் போல நான்கு காலில் நிறுத்துகிறது: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, நான்காவதாக ‘உழைச்செல்வான்’. உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருந்து செய்ய வேண்டியதைச் செய்கிறவர் உழைச்செல்வான். நம் ஒயர் கூடைக்காரருக்கு வள்ளுவர் வைத்த பெயர் அது.

வடக்கே சரக சம்ஹிதையும் இதே நான்கு கால்களைத்தான் சொல்கிறது. ஒவ்வொரு காலுக்கும் நான்கு தகுதிகள் வேறு வைக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு வேண்டியவை: பணிவிடை செய்யத் தெரிந்திருக்க வேண்டும், கை சுறுசுறுப்பாக இருக்க வேண்டும், நோயாளியிடம் அன்பு வேண்டும், சுத்தம் வேண்டும். இன்று ஒரு செவிலியர் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு இந்தப் பட்டியலை அப்படியே கொடுக்கலாம். ஆனால் இரண்டு நூல்களுக்கும் வரிசையில் ஒரு சின்ன வேறுபாடு உண்டு. சரகர் மருத்துவரை முதலில் வைத்து நோயாளியைக் கடைசியில் வைக்கிறார். வள்ளுவர் நோயாளியிலிருந்து தொடங்குகிறார். இதை ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வீட்டில் ஆள் இருக்கிறவர் வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஆள் இல்லாதவர் என்ன செய்வார்? பழைய மருத்துவமனைகள் பல இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் பிறந்தன. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ‘வீரசோழன்’ என்ற ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. 15 படுக்கைகள். அங்கே தங்கிப் படித்த மாணவர்களுக்கும் கோயிலில் பணி செய்தவர்களுக்குமானது. ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், இவர்களோடு நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள இரண்டு பெண்கள். இரவில் எரிய ஒரு விளக்கு. அம்மாவையும் அக்காவையும் ஊரில் விட்டுவிட்டு வந்த மாணவனுக்குக் காய்ச்சல் கண்டால், அந்த விளக்கு வெளிச்சத்தில் வந்து பார்க்க ஒருத்திக்கு நெல் அளந்தார்கள். உழைச்செல்வான் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டதற்கு நம் மண்ணில் கிடைக்கும் துலக்கமான பழைய சான்றுகளில் இது ஒன்று.

அடுத்து உறவினர் துணையில்லாமல் வந்தவர்கள் கப்பலில் வந்தார்கள். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்கு உடம்பு முடியாமல் போனால் கஞ்சி வைத்துக் கொடுக்க அத்தையும் இல்லை, சித்தியும் இல்லை. 1664இல் கம்பெனி அதிகாரி எட்வர்ட் வின்டர் சென்னைக் கோட்டைக்குள் நோயுற்ற சிப்பாய்களுக்காக ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். இன்றைய ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் வேர் அதுதான்.

சிப்பாய் மருத்துவமனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வரிசையாகக் கட்டில், எண், மணியடித்தால் சாப்பாடு. வந்து பார்க்க உறவினர் இல்லாத இடத்தில் உறவினருக்கு ஏன் இடம் ஒதுக்க வேண்டும்? சென்னைப் பொது மருத்துவமனை 1842இல் இந்தியர்களுக்கும் கதவைத் திறந்தது. சிப்பாய்க்கு என்று அளந்து தைத்த சட்டைக்குள் நம்மூர்க் குடும்பம் நுழையப் பார்த்தது. நோயாளி வந்தால் கூடையும் பின்னாலேயே வருமே! கட்டிலுக்குக் கணக்கு இருந்தது. கட்டிலுக்குக் கீழே விரிக்கும் பாய்க்குக் கணக்கு இல்லை. இன்றுவரை அந்தச் சட்டை கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

அதே நூற்றாண்டில், குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்திலேயே, வேறு மாதிரியான ஒரு சாலை திறந்தது. 1867 மே 23இல் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அந்த ஏற்பாட்டுக்காக அவர் விடுத்த அறிவிப்பில் வைத்திய சாலை உட்படப் பல கிளைச் சாலைகளும் உண்டு. மூலிகைகளின் குணங்களை எழுதி வைத்தவர், அன்றாட உடல் ஒழுக்கத்தை விதியாக வகுத்தவர், முதல் அடுப்பை மட்டும் பசிக்காக மூட்டினார். வருகிறவரிடம் ஊர் எது, சாதி எது, என்ன வியாதி என்று கேட்காமல் இலை போடும் சாலை அது. எந்த ஆஸ்பத்திரி வார்டிலும் ராத்திரி ஏழு மணிக்கு இதன் அருமை தெரியும். நோயாளிக்கு ரொட்டியும் பாலும் கணக்குப்படி வந்துவிடும்; பக்கத்தில் இருப்பவர் எந்தக் கணக்கிலும் இல்லை. மீந்த ரொட்டித் துண்டுதான் அவர் சாப்பாடு. பல ஊர்களில் அரசு மருத்துவமனை வாசலில் நல்ல மனிதர்கள் சாப்பாட்டு வண்டியை நிறுத்தி, கூட இருப்பவர்களுக்குப் பொட்டலம் கொடுக்கிறார்களே, அது வடலூர் அடுப்பின் பொறிதான்.

வடலூரில் அடுப்பு மூட்டுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, லண்டனில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். 1859இல் வந்த ‘செவிலியம் பற்றிய குறிப்புகள்’. செவிலியர் பாடப்புத்தகம் என்று நினைப்போம். வீட்டில் யாரையாவது கவனித்துக்கொள்ளும் பொறுப்பு விழுந்துவிட்ட சாதாரணப் பெண்களுக்காகவே எழுதியதாக அவரே முன்னுரையில் சொல்கிறார். உழைச்செல்வானுக்கு எழுதிய கையேடு! ஆனால் அதே புத்தகத்தில், பார்க்க வருகிறேன் என்று வந்து உட்கார்ந்து, “ஒண்ணும் இல்ல, சரியாப் போயிடும்” என்று வாய் ஓயாமல் பேசிக் களைப்பூட்டுகிறவர்களை ஓர் அத்தியாயம் முழுக்கக் காய்ச்சி எடுக்கிறார். நம்மூரில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, தன் மச்சானுக்கும் இதே நோய் வந்து என்ன ஆனது என்று விவரிக்கும் உறவினரை அவர் பார்க்காமலே பார்த்திருக்கிறார்.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் செவிலியர் பள்ளி தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர் வந்தார். பயிற்சி பெறாத அம்மா வெளியே போனார். கிருமிகளைப் பற்றிய அறிவு வளர, தொற்றுப் பயமும் வளர்ந்தது. பார்வையாளர் நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. 1949இல் ஓர் ஆங்கில வார இதழில் வெளியான லண்டன் மருத்துவமனைகளின் பட்டியலைப் படித்தால் நம்ப முடியாது. கைஸ் மருத்துவமனையில் சேர்த்த குழந்தையை ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் பார்க்கலாம். நைட்டிங்கேல் பள்ளி நடந்த அதே செயின்ட் தாமஸில், முதல் ஒரு மாதம் பார்க்கவே கூடாது. குழந்தை தூங்கிய பிறகு, இரவு ஏழிலிருந்து எட்டு வரை, பெற்றோர் வந்து தூங்கும் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். அம்மாவைப் பார்த்தால் குழந்தை அழுகிறது, பார்க்காவிட்டால் அமைதியாக இருக்கிறது. ஆகவே பார்க்காமல் இருப்பதே நல்லது என்பது வாதம்.

கதையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துத் திண்டிவனம் வர வேண்டும். இங்கே குடும்பம் வெளியே தள்ளப்படவில்லை. வாசற்படியில் குறுக்கே நின்றது. அன்று திண்டிவனம் தென்னார்க்காடு மாவட்டத்தில். மாவட்டத் தலைநகர் கடலூர். 1890களில் ஒரு நாள் இரவு, அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஜான் ஸ்கடரின் வீட்டுக் கதவை மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகத் தட்டினார்கள். இருவர் இந்துக்கள், ஒருவர் முஸ்லிம். மூவர் மனைவியருக்கும் பிரசவம் சிக்கலாகியிருந்தது. மருத்துவர் வரத் தயார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள் கணவர்கள். வீட்டிலிருந்த மகள் ஐடா வர வேண்டும் என்றார்கள்; அவருக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அமெரிக்கா திரும்பிக் கல்யாணம் செய்துகொள்ள நினைத்திருந்த ஐடா ஸ்கடர் 1899இல் மருத்துவராகி, அடுத்த ஆண்டு வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வேலை தொடங்கினார். 1902இல் அது 40 படுக்கை மருத்துவமனை. பிறகு இன்று உலகமறிந்த சி.எம்.சி.

அந்த இரவின் கதையை ஐடாவின் மனமாற்றக் கதையாகவே எல்லோரும் சொல்வோம். அதில் இன்னொன்றும் இருக்கிறது. மூன்று முறையும் குடும்பம் பேசியது, மருத்துவர் பேசினார். உள்ளே வலியில் கிடந்த மூன்று பெண்களிடம் யாராவது கேட்டார்களா என்பதைப் பற்றிக் கதையில் ஒரு வார்த்தை இல்லை. வள்ளுவரின் வரிசையில் முதலில் இருப்பவர் அன்று வரிசையிலேயே இல்லை.

மீண்டும் லண்டன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிக்மண்ட் பிராய்டின் மகள் அன்னா பிராய்ட், குண்டுவீச்சில் வீடிழந்த குழந்தைகளுக்காக ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு காப்பகம் நடத்தினார். அங்கே ஒரு விதி: சமையல்காரர் உட்பட யாராக இருந்தாலும், குழந்தைகளிடம் கவனித்ததைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். பாய்லருக்கு நெருப்புப் போட வந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் எழுதினார். எழுதி எழுதி, பார்க்கும் கண் அவருக்கு வந்துவிட்டது. போருக்குப் பின் ஆய்வாளராகிக் குழந்தைகள் வார்டுக்குள் போனபோது, எல்லோரும் ‘அமைதி’ என்று சொன்னது அவருக்கு வேறாகத் தெரிந்தது: அந்தக் குழந்தைகள் அழுது ஓய்ந்து நம்பிக்கை இழந்திருந்தார்கள். சொன்னால் யாரும் நம்பவில்லை. ஒரு கைக் கேமராவை வாங்கி, குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் தங்கிய லாரா என்ற இரண்டரை வயதுச் சிறுமியைப் படம் பிடித்தார். வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த காட்சி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று சுவர்க் கடிகாரமும் படத்தில் தெரியும்படி பார்த்துக்கொண்டார்கள். 1952இல் படத்தைப் பார்த்த மருத்துவர் கூட்டம் கொதித்தது. மருத்துவமனைகளை அவமானப்படுத்துகிறார் என்றார்கள். 1959இல் அரசு அமைத்த பிளாட் குழு, குழந்தையைப் பார்க்கப் பெற்றோருக்கு நேரக் கட்டுப்பாடு கூடாது, சிறு குழந்தைகளோடு தாயும் தங்க வழி செய்ய வேண்டும் என்று அறிக்கை தந்தது. நியூகாஸிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற மருத்துவர் 1925 முதலே தாய்மாரைத் தங்கவைத்து வந்தார். ஒரு மூலையில் ஒருவர் செய்தால் விசித்திரம். குழு சொன்னால் கொள்கை.

லண்டனில் இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த அதே 1950களில், அமிர்தசரஸில் சண்டையே இல்லாமல் ஒன்று நடந்தது. தேசப் பிரிவினைக்குப் பின் லாகூர் மனநல மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகளை 1950இல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சாதத் ஹசன் மாண்டோவின் ‘தோபா தேக் சிங்’ கதை இந்தப் பரிமாற்றத்தைப் பற்றியதுதான். வந்தவர்களை ஏற்றுக்கொண்டது அமிர்தசரஸ் மருத்துவமனை. ஆட்கள் போதவில்லை, இடமும் போதவில்லை. கண்காணிப்பாளர் டாக்டர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரங்களை அடித்து, நோயாளியோடு குடும்பத்தையும் வந்து தங்கச் சொன்னார். மனநோய் என்றால் உறவினர் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போய்விடும் காலம் அது. கூடாரத்தில் தங்கியவர்கள் நோய் என்ன, மருந்து என்ன, குணமாவதும் உண்டு என்பதைக் கண்ணால் பார்த்தார்கள். பக்கத்துக் கூடாரத்துக்காரரோடு பேசினார்கள். வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போகவும் செய்தார்கள். வேலூர் சி.எம்.சி. 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவது சிகிச்சையின் பகுதியாயிற்று. பற்றாக்குறைக்காகப் போட்ட கூடாரம், சிகிச்சை முறையாக ஓடு வேய்ந்துகொண்டது.

பற்றாக்குறை இன்னொரு கண்டத்திலும் இதே வேலையைச் செய்தது. 1970களின் கடைசி. கொலம்பியாவின் போகோட்டா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவருக்கு ஒரு சங்கடம்: குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் ஏராளம், அவர்களை வைக்கும் இன்குபேட்டர் பெட்டிகள் சொற்பம். ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள். ஒன்றுக்கு வந்த தொற்று மற்றதற்கும். தாயின் வெற்று மார்போடு குழந்தையைச் சேர்த்துக் கட்டிவைத்துப் பார்த்தார். பெட்டி தரும் சூட்டை மார்பு தந்தது. கூடவே பாலும் தந்தது. கங்காரு முறை என்று பெயர் வைத்தார்கள். ஏழை நாட்டுச் சமாளிப்பு என்று நினைத்த முறை பணக்கார நாடுகளுக்கும் பயணம் போனது. இந்தியா உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வு 2021இல் வந்தது: எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயோடு சேர்த்து வைத்தபோது இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை மாற்றி எழுதியது. அந்த ஏற்பாட்டில் தாய் வார்டுக்கு வந்துபோகும் பார்வையாளராக இருக்க முடியாது. தாய்தான் வார்டே.

கவுதமாலாவில் கதையைத் திருப்பியது ஒரு தவறு. பிரசவத்துக்குப் பின் தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பை ஆராய்ந்துகொண்டிருந்த ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் என்ற அமெரிக்க மருத்துவர்களின் குழுவில் ஒரு மாணவி, சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, பிரசவம் முடிந்து வர வேண்டியவர் வலி எடுத்த நேரத்திலிருந்தே பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் கூட இருந்த தாய்மாரின் நிலை மட்டும் வித்தியாசமாக இருந்தது. தவறையே ஆய்வாக்கினார்கள். 1980இல் வெளியான முடிவு: தனியாக இருந்த பெண்களுக்குச் சேர்ந்ததிலிருந்து பிரசவம் வரை சராசரி 19.3 மணி நேரம். முன்பின் தெரியாத ஒரு பெண் கூட இருந்து கையைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு 8.8 மணி நேரம். நம் பாட்டிமார் இதைக் கேட்டால், ‘இதுக்கு ஏன்டா கவுதமாலா வரைக்கும் போனீங்க?’ என்றுதான் கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. வீட்டில் பிள்ளை பெற்ற காலத்தில் ஓர் அறை நிறையப் பெண்கள் இருந்தார்கள். பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் தாயின் உயிருக்குப் பாதுகாப்பு கூடியது. பக்கத்தில் இருந்தவர்கள் வராந்தாவுக்குப் போனார்கள். தமிழ்நாடு 2004இல் அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் உறவுப் பெண் ஒருவர் துணைக்கு இருக்கலாம் என்று வழி செய்தது. மத்திய அரசு நாடு முழுவதற்கும் அதைச் சொன்னது 2016இல்.

இதற்கிடையே அமெரிக்காவில் இந்த எண்ணம் நல்ல உடை உடுத்திக்கொண்டது. அர்ஜென்டினாவில் பிறந்து சான்பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த ஆஞ்சலிகா தியரியட், மருத்துவமனையில் கிடந்தபோது கருவிகளெல்லாம் உயர்தரம், மனிதர் பேச்சு மட்டும் இல்லை என்று கண்டு, 1978இல் ‘பிளேன்ட்ரீ’ அமைப்பைத் தொடங்கினார். கிரேக்கத் தீவான கோஸில் ஹிப்போகிரட்டீஸ் எந்த மர நிழலில் உட்கார்ந்து பாடம் சொன்னதாகச் சொல்வார்களோ, அந்த மரத்தின் பெயர். 1985இல் அவர்கள் திறந்த 13 படுக்கை வார்டில் உறவினர் எந்நேரமும் வரலாம், சமைக்கலாம், நோயாளி தன் மருத்துவக் குறிப்பைத் தானே படிக்கலாம். முன்பே 1969இல் லண்டனில் எனிட் பாலின்ட் ‘நோயாளியை மையமாகக் கொண்ட மருத்துவம்’ என்ற தொடரைப் புழங்க விட்டிருந்தார். 2001இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை நல்ல மருத்துவத்தின் ஆறு குறிக்கோள்களில் ஒன்றாக அதைச் சேர்த்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல் விமானம் ஏறி, நம் ஊர்த் தனியார் மருத்துவமனைச் சுவர்களில் கண்ணாடிப் பலகையாக இறங்கியது.

அடுத்த பயணம் எதிர்த்திசையில். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் வகுப்புப் பணிக்காக பெங்களூரு வந்தார்கள். நாராயணா மருத்துவமனையில் இதய அறுவைக்கு வந்தவர்களின் குடும்பங்கள் நாள்கணக்கில் தாழ்வாரத்தில் காத்துக் கிடப்பதைப் பார்த்தார்கள். காத்திருக்கும் நேரத்தில் இவர்களுக்கே புண்ணைச் சுத்தமாக வைப்பது, மாத்திரை கொடுப்பது, ஆபத்தின் அறிகுறியைக் கண்டுகொள்வது எல்லாம் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள். நூரா ஹெல்த் என்ற அமைப்பு பிறந்தது. இந்திய அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும், வங்கதேசத்திலும் இந்தோனேசியாவிலும் அந்த வகுப்பு நடக்கிறது. பணிவிடை தெரிந்திருக்க வேண்டும் என்ற சரகரின் முதல் தகுதிக்கு ஒருவழியாகப் பாடத்திட்டம் வந்தது.

இன்னொரு சங்கிலி வீட்டு வாசலுக்கே வந்தது. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் திறந்த செயின்ட் கிறிஸ்டபர்ஸ் இல்லம், குணமாகாத நோயாளியின் வலியைக் குடும்பத்தின் துயரத்தோடு சேர்த்துப் பார்த்தது. அந்த எண்ணம் 1993இல் கோழிக்கோட்டில் மலையாளம் பேசத் தொடங்கியது. கட்டடமாக எழும்பாமல், அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக்கொண்டு வீடுவீடாக நடந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை, இயன்முறைப் பயிற்சி, வலி தணிப்புச் சிகிச்சை ஆகியவற்றை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அதே ஆண்டு சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக மாறியது. பெரிய கட்டடம் ஒரு பக்கம், வீட்டுத் திண்ணை ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே அதே ஒயர் கூடை போய்வருகிறது.

ஆக, உழைச்செல்வான் திரும்பி வந்துவிட்டார். மேலை நாடுகள் அறிக்கை மேல் அறிக்கை எழுதி அவரை அழைத்தன. நாம் அவரை அனுப்பவே இல்லை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் வார்டு வராந்தாவில் நாம் டாக்டரிடம் தாழ்ந்த குரலில் சொல்லும் ஒரு வாக்கியம் இருக்கிறது: “அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்.” புற்றுநோய் என்றால் மகனுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், கொழுந்தன் பெண்டாட்டிக்கும் தெரியும். கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தெரியாது. அறுவை வேண்டுமா, எந்த ஊரில், நிலத்தை அடகு வைத்தா என்று எல்லாம் முடிவாகிவிடும். அன்பினால்தான் செய்கிறோம், திண்டிவனத்து வாசலில் நின்ற கணவர்களும் மனைவி பிழைக்க வேண்டும் என்றுதானே ராத்திரியில் ஓடி வந்தார்கள்! மேற்கு மறந்தது நான்காவது காலை. நாம் மறந்தது முதல் காலை. ஓரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த வரிசை இங்கேதான் வேலைக்கு வருகிறது. 950இல் மட்டுமா? அதற்கு முந்தைய குறளிலும் நோயின் அளவைப் பார்ப்பதற்கு முன் நோயுற்றவரின் அளவைப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர்.

குறிஞ்சிப்பாடியில் தறிச் சத்தம் கேட்கும் ஏதாவது ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திண்ணையில் பெரியவர். மாதாமாதம் மாத்திரை கொண்டுவரும் பெண் பணியாளர் பிரஷர் பார்க்கும் பட்டையை அவர் கையில் சுற்றிக்கொண்டே கேட்கிறார்: “ராத்திரி தூக்கம் வருதா தாத்தா?”

உள்ளேயிருந்து மருமகள் குரல்: “எங்க தூங்குறாரு! புரண்டுகிட்டேதான் கெடக்கறாரு.”

பணியாளர் தலையசைத்துவிட்டு, மறுபடியும் பெரியவர் முகத்தைப் பார்த்தே கேட்கிறார்: “நீங்க சொல்லுங்க தாத்தா.”

பெரியவர் உள்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார். “தூக்கமெல்லாம் நல்லாத்தாம்மா வருது. பத்து மணிக்கு எழுப்பி மாத்திரை குடுக்குறா பாரு, அதுக்கப்புறம்தான் போயிடுது.”

மாத்திரையை எட்டு மணிக்கே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று பணியாளர் நோட்டில் குறித்துக்கொள்கிறார்.